குடோஸ், நட்சத்திரம், நாலு வரி: எழுதுகிறவருக்கு எது போய்ச் சேர்கிறது?

காசு வாங்காமல் இணையத்தில் கதை எழுதுகிறவருக்கு வாசகர் தரக்கூடிய பெரிய கூலி, ‘படித்தேன், இந்த இடம் பிடித்தது’ என்ற செய்திதான். அது எவ்வளவு முழுசாகப் போய்ச் சேரும் என்பது நாம் அழுத்தும் பொத்தானைப் பொறுத்தது. ரசிகர் புனைவு (பிடித்த நாவல், படம், தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) உலகம் ஏஓ3 என்று சுருக்கி அழைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், வாட்பேட், பிரதிலிபி ஆகிய மூன்று கதைத் தளங்களையும் பார்ப்போம். அதிக நேரம் ஏஓ3க்குத்தான். வழிகளும் அங்கே அதிகம், அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதும் அதிகம்.

ஏஓ3 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கதையின் அடியில் இருக்கும் குடோஸ் (‘பாராட்டு’) பொத்தானைக் கணக்கு இல்லாதவரும் அழுத்தலாம். அவர் ‘விருந்தினர்’ எண்ணிக்கையில் சேர்வார். உள்நுழைந்து அழுத்தினால் நம் பெயர் தெரியும். ஆனால் ஒரு படைப்புக்கு ஒருவர் ஒரே ஒரு குடோஸ்தான் தரலாம், அத்தியாயத்துக்கு ஒன்று என்று கிடையாது. சிக்கல் இங்கேதான். 40 அத்தியாயத் தொடரின் 2ஆம் அத்தியாயத்திலேயே அழுத்திவிட்டால், கடைசிவரை விடாமல் படித்தவரும் அங்கேயே நிறுத்திவிட்டவரும் எழுத்தாளர் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரே மூச்சில் படித்து முடிக்கும் கதைக்குக் குடோஸ் நல்ல மரியாதை. தொடருக்கு அது போதாது.

புக்மார்க் வேறு வகை. அதை வைத்தால் எழுத்தாளருக்கு மின்னஞ்சல் போகாது. ஆனால் பொதுவில் வைத்த புக்மார்க்கில் எழுதும் குறிப்பை யாரும் திறந்து படிக்கலாம், கதையை எழுதியவரும்தான். ‘நடுவில் இழுவை, 3/5’ என்று தன் நினைவுக்காக எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட குறிப்பு வேண்டுமென்றால் ‘தனிப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். உண்மையிலேயே பிடித்த கதை என்றால் பொதுவில் வைத்து, ‘பரிந்துரை’ கட்டத்தில் டிக் செய்து, ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏஓ3 தானாக எந்தக் கதையையும் யார் முன்னாலும் நீட்டுவதில்லை. குறிச்சொல், வடிகட்டி, பிறரின் புக்மார்க் பட்டியல் வழியாகத்தான் புது வாசகர் வந்து சேர வேண்டும். அந்த இரண்டு வரிக்கு அவ்வளவு வேலை இருக்கிறது. புது அத்தியாயம் வந்தால் அறிவிப்பு பெறுவதற்கான இலவசச் சந்தா செய்தால் எழுத்தாளருக்குப் புள்ளிவிவரப் பக்கத்தில் எண் மட்டும் கூடும், யார் என்று தெரியாது.

இவை எல்லாவற்றையும் விடக் கருத்துரைதான் மேல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 10,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. 300 எழுத்துகளே தாராளம். ‘அருமை’ என்று மட்டும் எழுதினால் எது அருமை என்று எழுதியவருக்குத் தெரியாது. படிக்கும்போதே பிடித்த வரியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் அதை ஒட்டி, அது என்ன செய்தது என்று ஒரு வரி, எந்தப் பாத்திரம் மனதில் நிற்கிறது என்று இன்னொரு வரி எழுதினால் போதும். முழுப் படைப்பையும் ஒரே பக்கமாகத் திறந்து படித்திருந்தால் அத்தியாய எண்ணை முதலிலேயே குறிப்பிடுங்கள். நீளமாக எழுதுவதானால் கைபேசியின் குறிப்பேட்டில் எழுதி ஒட்டுவது நல்லது. பக்கம் மறுபடி ஏறினால் தட்டியது எல்லாம் போய்விடும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ‘அடுத்த பாகம் எப்போது?’ என்பதைப் பாராட்டாக நினைத்துத்தான் கேட்கிறோம், எழுதுகிறவர் காதில் அது கடன்காரன் குரலாக விழுகிறது. கேட்காதவரிடம் பிழைத்திருத்தப் பட்டியல் நீட்டாதீர்கள். பழைய கதையாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கதைக்கு இன்று வரும் நாலு வரியைப் போல எழுதுகிறவரை மறுபடி உட்கார வைப்பது வேறில்லை.

வாட்பேடில் வாக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனி. 30 பாகத்துக்கு 30 வாக்கு போடலாம் என்பதால், வாசகர் எங்கே நின்றுவிடுகிறார் என்பதை எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். தொடருக்கு ஏஓ3யின் குடோஸை விட இது நேர்மையான கணக்கு. பத்திக்குப் பத்தி கருத்து எழுதும் வசதியும் இருக்கிறது. திருப்பம் வரும் இடத்தில் வாசகர் துள்ளுவதை அதே இடத்தில் பார்க்கலாம். ஆனால் ‘ஐயோ!’ என்று ஐம்பது கிடைத்தாலும் கதை மொத்தமாக எப்படி இருந்தது என்பது கிடைக்காது. கடைசிப் பாகத்தின் அடியில் தனியாக ஒன்று எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பது 2014இல் தொடங்கிய, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பிரதிலிபியில். அங்கே ஐந்து நட்சத்திர மதிப்பீடும் விமர்சனமும். நட்சத்திரம் சராசரியாகக் கணக்கிடப்படுவதால் புதியவரை அது சட்டென்று கீழே இழுக்கும். நான்கு பேர் 5 கொடுத்த கதைக்கு ஐந்தாமவர் 2 கொடுத்தால் சராசரி 4.4. அதே 2, நூறு பேருக்குப் பிறகு வந்தால் அசைவே தெரியாது. குறை சொல்லத் தோன்றினால் காரணத்தை விமர்சனத்தில் எழுதுங்கள், நட்சத்திரத்தை மட்டும் குறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பணம்? பிரதிலிபியில் அந்தத் தளத்தின் நாணயம் வாங்கி எழுத்தாளருக்கு ஸ்டிக்கர் அனுப்பலாம். ஏஓ3இல் வணிகத்துக்கு இடமே இல்லை. நன்கொடைச் சுட்டியை எழுத்தாளர் கதைக் குறிப்பில் போட்டாலே விதிமீறல். அன்பின் பேரில்கூட அவரிடம் அதைக் கேட்டு அங்கே எழுத வைக்காதீர்கள்.