ஏழு வயர்லெஸ் மைக்: யூ.எச்.எஃப்-ஆ, 2.4 கிகாஹெர்ட்ஸா?

பட்டிமன்ற மேடையில் நடுவரோடு ஏழு பேர், ஆளுக்கொரு மைக். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஆன் செய்ததும் தானே சேனல் பிடித்துக்கொள்ளும். காலி மண்டபத்தில் சோதித்தால் அருமைதான். கூட்டம் வந்து உட்காரட்டும், அப்புறம் பாருங்கள்: வைஃபை, ப்ளூடூத், ஹாட்ஸ்பாட் எல்லாம் அதே அலைவரிசையில் முண்டியடிக்கும், குரல் விட்டு விட்டு வரும். ஒன்றிரண்டு மைக்குக்குச் சரி. ஏழுக்கு என் ஓட்டு, சில நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடும் யூ.எச்.எஃப் செட்டுக்கே.

அதற்கு, எந்த மைக் எந்த அலைவரிசையில் என்று கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 520.0, 520.5 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் ஓடினால், அவை கலந்து 519.5-இலும் 521.0-இலும் போலி சிக்னல் கிளம்பும். மூன்றாவது மைக்கை அங்கே வைத்தால் கரகரப்புதான். அதனால் அலைவரிசைகளுக்கு நடுவே சம இடைவெளி கூடவே கூடாது. ரிசீவர் ஆன்டெனா தலைமட்டத்துக்கு மேலே, மேடையைப் பார்த்து இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.