நீர் இறங்கும் தாரா, வழக்கமான தாரா?

குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்துக்குத் தளம் போட இரண்டு வழிகள் இருந்தன: வழக்கமான அடர்த்தியான தார், இல்லையென்றால் நுண்துளைத் தார். நாங்கள் இரண்டாவதைப் போட்டோம். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வழக்கமான தாரின் பெருமை ஊரறிந்தது. செலவு குறைவு, பாரம் தாங்கும், போடத் தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள்.

நுண்துளைத் தாரில் பொடி ஜல்லியையும் கல்தூளையும் பெரும்பாலும் விலக்கிவிடுகிறார்கள். அதனால் கலவையில் ஏறக்குறைய 20 சதவீதம் வெற்றிடம் தங்குகிறது. மழைநீர் அதன் வழியே அடியில் உள்ள தடித்த ஜல்லிப் படுகைக்கு இறங்கி, அங்கிருந்து மெல்ல மண்ணுக்குள் போகிறது. பெருமழையிலும் தளத்தில் குட்டை நிற்பதில்லை. நெடுஞ்சாலையில் கதை சற்று வேறு: மேலடுக்குக்கு மட்டுமே துளை, நீர் பக்கவாட்டில் வெளியேறும். நெதர்லாந்தின் விரைவுச் சாலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். டயர் இரைச்சலை இது குறைப்பது அங்கே பெரிய காரணம்.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. துளைகள் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே அடைபடுகின்றன. வேகமாக ஓடும் டயர்கள் ஈரச் சாலையின் தூசியை ஓரளவு உறிஞ்சி வெளியேற்றும். வண்டிகள் ஊர்ந்து செல்லும் நிறுத்துமிடத்தில் அந்த உதவி கிடையாது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது உறிஞ்சும் இயந்திரம் ஓட வேண்டும். பழைய தளத்துக்குப் புதுக் கருப்பு ஏற்ற மேற்பூச்சு அடிக்கும் வழக்கம் இங்கே உதவாது. பூசிய அன்றே நீர் இறங்குவது நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்து மண் மழையில் கரைந்து வராதபடி கரை கட்டுவதும், கட்டட வேலைக்கு வரும் மணலைத் தளத்தில் கொட்டவிடாமல் தடுப்பதும் இயந்திரத்தைவிட முக்கியம். இதைக் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் வழக்கமான தாரே மேல்.

கீழே கெட்டியான களிமண் என்றால் படுகைக்குள் வடிகுழாய் வைத்தாக வேண்டும். நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் இடத்துக்கு இது ஒத்துவராது.

வலுவைப் பற்றி அளந்துதான் பேச முடியும், எங்கள் தளத்தில் ஓடுவது கார்களும் இருசக்கர வண்டிகளும்தான். நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பினால் ஜல்லி பெயரும் என்பது இவ்வகைத் தளத்தின் தெரிந்த பலவீனம். அதனால் குப்பை லாரி நின்று திரும்பும் மூலைக்கு மட்டும் அடர்த்தியான தாரையே போட்டு, அதன் சரிவை நுண்துளைப் பகுதியை நோக்கி அமைத்தோம்.