கேம் தோற்கட்டும்: காசுக்காகவா, நடத்தைக்காகவா?

ஒரு வீடியோ கேம் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று ரசிகர்களே ஆசைப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஒன்று காசு பிடுங்குவது, இன்னொன்று கம்பெனியின் நடத்தை.

காசு விஷயத்தில் கோபத்துக்குச் சட்டென்று பலன் தெரிகிறது. 2017 நவம்பரில் இஏ என்ற கேம் கம்பெனி வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2-இல் பிரபல வில்லன் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் காசு) வேண்டும் என்றார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவரும் அதற்காக மாங்கு மாங்கென்று மணிக்கணக்கில் ஆட வேண்டும்; பொறுமை இல்லையா, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸைக் காசு கொடுத்து வாங்கி முன்னேறலாம். எதிர்ப்பு வெடித்ததும் 15,000 ஆக்கினார்கள். அதுவும் போதாமல், வெளியீட்டுக்கு முந்தைய நாள் கேமுக்குள் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள்.

நடத்தை விஷயம் அப்படி இல்லை. பாலியல் தொல்லை, பாகுபாடு என்று ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பெனி மீது கலிஃபோர்னியா அரசுத் துறை 2021 ஜூலையில் வழக்குப் போட்டது. ஊழியர்களே வெளிநடப்பு செய்தார்கள். அப்புறம் 2023 ஜூனில் அதே கம்பெனியின் டியாப்லோ 4 கேம் வந்தது; ஐந்தே நாளில் 66.6 கோடி டாலருக்கு விற்பனை! கேம் நன்றாக இருந்தால் கோபம் எங்கே நிற்கிறது?

என் ஓட்டு முதல் கோபத்துக்குத்தான். அங்கே குற்றம் கேமுக்குள்ளேயே இருக்கிறது, திருத்தவும் முடியும். இரண்டாவதில் கேம் தோற்றால், தொல்லைப்பட்ட ஊழியருக்கே வேலை போகலாம். அதற்கு வழக்குதான் சரி: 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, பெரும்பகுதி பெண் ஊழியர்களுக்கான இழப்பீடு.