இரண்டு ரங்கத்தில் எதற்குப் போவது?

காவிரி ஒரே ஒரு தீவோடு நிற்கவில்லை. மேலே கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், நடுவில் சிவனசமுத்திரம், கீழே திருச்சி ஸ்ரீரங்கம் என்று போகிற வழியில் பிரிந்து சேர்ந்து தீவு போட்டிருக்கிறது. மூன்றிலும் ரங்கநாதர் படுத்திருக்கிறார், ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று வரிசை வேறு உண்டு. சிவனசமுத்திரத்துக்கு எல்லாரும் அருவிக்காகத்தான் போகிறார்கள், அதை விட்டுவிடலாம். போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீவில் நிற்கிறோம் என்ற உணர்வு வேண்டுமென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம்தான். சின்னத் தீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் ஆறு வந்து வழிமறிக்கும். ஸ்ரீரங்கம் மேற்கே முக்கொம்பில் தொடங்கி கிழக்கே கல்லணைப் பக்கம் வரை நீளமாகக் கிடக்கிறது. காவிரிப் பாலத்தையும் கொள்ளிடப் பாலத்தையும் தாண்டும்போது மட்டும்தான் இது தீவு என்பதே நினைவுக்கு வரும். அதுவும் சித்திரையில் போனால் இரண்டு பாலத்துக்கும் கீழே மணல்தான். கொள்ளிடம் வெள்ளத்தை வடித்துவிடும் ஆறு, மற்ற நாளில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். வந்தால் சும்மா வராது: 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போனது, அதே மாதம் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியையும் சாய்த்தது.

சரித்திரத்தில் பட்டணத்தை அடிக்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் போனேன். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆண்ட தலைநகரம், 1784இல் தேக்கில் கட்டிய தரியா தௌலத் மாளிகை, அதன் சுவரில் 1780 பொள்ளிலூர்ப் போர் ஓவியம் (பொள்ளிலூர் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது), தீவின் கிழக்குக் கோடியில் ஹைதர், அவர் மனைவி, திப்பு மூவரும் அடங்கிய கும்பஸ் என்ற கல்லறை மாடம். ஆனால் எனக்குப் பிடித்தது கோட்டையின் வடமேற்கு மூலை. அந்த ஊருக்கு ஆறுதான் அகழி, ஆனால் கோடையில் வற்றிப்போகும் அகழி. 1791 மே மாதம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் வாசல் வரை வந்துவிட்டு, மழை ஒரு பக்கம் பட்டினி ஒரு பக்கம் வாட்ட, திரும்பிப் போனார். 1799இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை, மழை இறங்குவதற்குள் மதிலை உடைத்து, மே 4 அன்று வற்றிய காவிரியில் இறங்கி நடந்தே ஏறிவிட்டார்கள். திப்பு அன்றே இறந்தார். அந்த இடத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால் போர் சட்டென்று புரிகிறது. அப்புறம் ரயில்வே இரட்டைத் தடம் போடுவதற்காக 2017இல் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றைப் பெயர்க்காமல் முழுசாக நகர்த்தி வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

ஸ்ரீரங்கத்துக்குச் சண்டை இல்லையா என்றால், இருக்கிறது. பிரெஞ்சுப் படை கோயில் மதில்களுக்குள் ஒதுங்க, ஆங்கிலேயர் சுற்றி வளைத்து 1752 ஜூனில் சரணடைய வைத்தார்கள். அதற்கும் முன்னால் 1323இல் டில்லிப் படை வந்தபோது ஊரை விட்டுப் போன உற்சவர் நம்பெருமாள், 1371இல்தான் திரும்பினார். பட்டணத்தின் கதை 1799உடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இங்கே முடியவில்லை. நாயக்கர் காலத்தில் பாதியில் நின்று, பல தலைமுறை ‘மொட்டை கோபுரம்’ என்றே பெயர் வாங்கியதை 1987இல் 236 அடி ராஜகோபுரமாக முடித்தார்கள். கோயிலின் ஏழு சுற்றுகளில் வெளிச் சுற்றுகள் வீடும் கடையுமாக இருக்கும் தெருக்கள். உத்திர வீதியில் நடக்கும்போது கோயிலுக்குள் நடக்கிறோமா ஊருக்குள் நடக்கிறோமா என்று தெரியாது.

பொழுதுபோக்கு? இதில் பட்டணத்துக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். பதினேழாம் நூற்றாண்டில் காவிரியில் கட்டிய அணையால் உருவான சின்னச் சின்னத் திட்டுகள், 1940இல் பறவை ஆய்வாளர் சலீம் அலி சொன்னதைக் கேட்டு மைசூர் அரசர் சரணாலயமாக்கினார். படகில் போனால் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கூடு கட்டியிருக்கும், பாறையில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கண்ணம்பாடி அணையில் தண்ணீரை நிறையத் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பிரிந்த ஆறு மறுபடி சேரும் சங்கமத்தில் பரிசலும் உண்டு.

ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015இல் திறந்தது, 25 ஏக்கர், பிள்ளைகளுக்கு நல்ல இடம். முக்கொம்புப் பூங்கா சுமார்தான். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள், தாலிக்கயிறும் காதோலை கருகமணியுமாக ஊரே ஆற்றில் இறங்கி நிற்கும். கூட்டம் ஒத்துவராதவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஒரே ஒரு நாள், கூடவே பிள்ளைகள், மைசூர் பக்கம் எப்படியும் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் பட்டணம். காலையில் முதல் படகு, வெயில் ஏறுவதற்குள் கோட்டை, மதியம் தரியா தௌலத். பெரியவர்களோடு போகிறீர்கள், இரண்டு ராத்திரி தங்க முடியும் என்றால் ஸ்ரீரங்கம். திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரரின் கருவறையில் ஊறும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அதே தீவில்தான் இருக்கிறது. நான் அடுத்த முறை இங்கேதான் போகப்போகிறேன், ஆனால் ஆவணியில். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடி இதுவரை நான் பார்த்ததில்லை.