ஆட்டத்துக்கு முன்: நீட்டலா, 11+-ஆ, நார்டிக்கா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வண்டியை நிறுத்தியதும் குனிந்து கால் விரலைத் தொடுவார்கள், ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடிப்பார்கள், அப்புறம் நேராக ஆட்டம். வாரம் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பு அது. பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடும்போது தொடையின் பின்பக்கம் சுருக்கென்று பிடித்துக்கொள்கிறது. "வார்ம் அப் பண்ணிட்டுதானே இறங்கினேன்" என்பார்கள். அது வார்ம் அப்பே இல்லை என்பது என் கட்சி. காயத்தைத் தடுக்க மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்: தசையை நீட்டுவது, 11+ என்ற வார்ம் அப், நார்டிக் என்ற பயிற்சி.

நின்ற இடத்தில் தசையை நீட்டிப் பிடிப்பதற்கு ஒரு வசதி உண்டு: எளிது, எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஆனால் காயத்தைத் தடுக்குமா? ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. எல்லோரும் வார்ம் அப் செய்தார்கள். ஒரு குழு மட்டும் கூடவே கால் தசைகளையும் நீட்டியது. 12 வாரப் பயிற்சியின் முடிவில் கால் காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதோடு, ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அதன் வலு கொஞ்ச நேரத்துக்குக் குறையவும் செய்யும். உடம்பு விறைப்பாக இருக்கிறதா? ஆட்டம் முடிந்த பிறகோ, ராத்திரி டிவி பார்க்கும்போதோ தாராளமாக நீட்டுங்கள்.

அடுத்தது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+. 2006-ல் உருவாக்கிய இந்த வார்ம் அப்புக்கு சுமார் 20 நிமிடம் போதும். முதலில் மெதுவான ஓட்டம், நடுவில் பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக வைத்திருப்பது), ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது), குதிப்பது, கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்களிடம் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. 11+ செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இதில் நான் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: குதித்துத் தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாயக் கூடாது, பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். முட்டி ஜவ்வு கிழிவது பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான். எண்ணிக்கைக்காக அவசரமாகக் குதித்தால் பலன் கிடைக்காது.

மூன்றாவது, நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங். ஹாம்ஸ்ட்ரிங் என்றால் பின்தொடைத் தசை. மெத்தென்ற விரிப்பில் முழங்காலிட வேண்டும். நண்பர் உங்கள் கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிப்பார். இடுப்பை மடக்காமல், முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேர்கோடாக, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் படியிறங்கும்போது தெரியும்!

இது ஏன் வேலை செய்கிறது? வேகமாக ஓடும்போது முன்னால் வீசி வரும் காலுக்குப் பின்தொடைத் தசைதான் பிரேக் போடுகிறது. நீண்டுகொண்டே இறுகும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கிழிகிறது. நார்டிக் அந்த வேலையையே தசைக்குப் பழக்குகிறது. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் நடந்து 2011-ல் வந்த ஆய்வில், இதைச் செய்த குழுவில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள். செய்யாத குழுவில் 52. இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு.

குறை என்று பார்த்தால், பின்தொடையைத் தாண்டி இது எதையும் காக்காது. கணுக்கால் பிசகுவதைத் தடுக்க ஒற்றைக்கால் பயிற்சிதான் வேண்டும். நார்டிக் 11+-க்குள்ளேயே இருப்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயமும் இல்லை.

என் தேர்வு இதுதான். கால்பந்து அணியாக ஆடுபவர்கள் 11+-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவர்களும் ஏற்கெனவே தொடை பிடித்தவர்களும் நார்டிக்கைத் தனியாகவும் செய்ய வேண்டும்: முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை; அப்புறம் வாரம் மூன்று நாள்வரை மெல்லக் கூட்டலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம். தொடையில் ரத்தக்கட்டோ, நடக்கும்போதே வலியோ இருந்தால் இந்த மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.