மூன்றாவது போத்தலில் வளைந்த ஓப்பனர்

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய சாவிக்கொத்து ஓப்பனரைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரர் நல்ல மனிதர்; நாளைக்கும் அவரிடம்தான் ஆணி வாங்கப் போகவேண்டும். ஓப்பனரிலும் எந்தப் பெயரும் பொறிக்கப்படவில்லை. செய்தவருக்கே வெட்கம் போலும்.

நான் முரசுமோட்டையில் உழவு இயந்திரம் திருத்துகிறவன். இரும்பைக் கையில் எடுத்தால் முதலில் கனம் பார்ப்பது தொழில் பழக்கம். இதை மட்டும் மீன் வடிவத்திலும் பளபளப்பிலும் மயங்கி வாங்கிவிட்டேன். பிறகு அளந்து பார்த்தால் தகடு 1.2 மில்லிமீற்றர். என் பட்டறையில் இவ்வளவு மெல்லிய தகட்டை மட்காட்டுக்கு ஒட்டுப்போடத்தான் எடுப்பேன்.

காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்து மூடைகள் விறாந்தையில் ஏறிய இரவுதான் அதற்கு வேலை வந்தது. மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, மதுக்கடை திறக்காது என்பதால் மச்சான் பகலிலேயே 625 மில்லிலீற்றர்ப் பியர் போத்தல் ஆறு வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருந்தார். "திறக்கிற சாமான் என்னிடம் இருக்கிறது" என்று நானும் பெருமையாக எடுத்து நீட்டினேன். முதல் போத்தல் திறந்தது. இரண்டாவதில் மூடி அரைவாசி எழும்பி நின்றது. மறுபக்கமும் கொளுவி இழுக்கவேண்டியிருந்தது. மூன்றாவதில் மூடி அசையவேயில்லை. மீனின் வாய்தான் பிளந்தது.

காரணம் எளிது. ஓப்பனர் ஒரு நெம்புகோல். மேல்நாக்கு மூடியின் நடுவில் ஊன்றும், கீழுதடு மூடி விளிம்பின் மடிப்புப் பல்லுக்கு அடியில் பிடிக்கும், வாலைத் தூக்கினால் மூடி கழன்றுவிடும். வால் நீள நீளக் கைக்குப் பாரம் குறையும். இந்த மீனோ தலை முதல் வால்வரை 6 சென்ரிமீற்றர்தான். கை கொடுக்கவேண்டிய பலம் கூடுகிறது, அந்தப் பலத்தைத் தாங்க உதட்டில் இரும்பு இல்லை.

மிச்சம் நான்கு போத்தல். மச்சானுடைய தம்பி ஒன்றை எடுத்துப் பல்லுக்குக் கொண்டுபோனான். உள்ளே இருந்து அம்மா, "பல்லுக் கட்ட எவ்வளவு காசு முடியும் என்று தெரியுமா, தம்பி?" என்று கேட்டார். போத்தல் கீழே இறங்கியது. மேசை விளிம்பில் வைத்து ஓங்கித் தட்டலாம் என்று மச்சான் சொன்னார். அது அப்பா முதிரைப் பலகையில் செய்வித்த மேசை. அந்தப் பேச்சும் அதோடு முடிந்தது. தட்டினால் போத்தலின் வாய் சிதறவும் கூடும். கண்ணாடித் துகள் விழுந்த பியரை ஊற்றிவிட வேண்டியதுதான்.

கடைசியில் பட்டறையிலிருந்து 10–11 ஸ்பானரை எடுத்து வந்தேன். போத்தலின் கழுத்தை இடது கையால் உச்சியில் இறுக்கிப் பிடிக்கவேண்டும், சுட்டுவிரல் மூடிக்குச் சற்றுக் கீழே வரும்படி. ஸ்பானரின் நுனியை விரலுக்கும் மூடியின் பல்லுக்கும் இடையில் செருகி, மறுமுனையைக் கீழே அழுத்தினால் முடிந்தது. கை கீழே இறங்கிவிட்டால் நுனி வழுக்கும். பலர் தோற்பது அந்த இடத்தில்தான். லைட்டரிலும் இதே வித்தை நடக்கும். ஆனால் இரும்பு விரலெலும்பில் ஊன்றும்போது உயிர் போகும். அதனால் சாரத்தின் தலைப்பை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். நான்கும் திறந்தன. நாலாவது மூடி கூரைத் தகரத்தில் பட்டு விழுந்தது.

விழுந்த மூடியைப் பொறுக்கி எண்ணினேன்: 21 பல். இந்த வகை மூடிக்கு 1892இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் வில்லியம் பெயின்டர் என்பவர் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் மூடிக்கு 24 பல். திறக்கும் கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றது 1894இல். இடையில் இரண்டு ஆண்டு. அங்கேயும் யாரோ ஒருவருடைய தாயார் பல்லுக்காகச் சத்தம் போட்டிருப்பார்.

போயா கழிந்து மறுநாள் வளைந்த மீனைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சோடாவுக்குத்தான் தம்பி, பியருக்குச் சரிவராது" என்றார். எதிரே இருந்த சோடாப் போத்தலின் மூடியை எண்ணிக் காட்டினேன். அதுவும் 21. அவர் சிரித்துவிட்டு, "வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் இதைக் குடியுங்கள்" என்று அந்தச் சோடாவையே எடுத்தார். காசு திரும்பி வரவில்லை.

ஐந்துக்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன். அந்த ஒன்றும் சாவி வளையத்துக்கு. அது இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது.

சோடாவைத் திறக்க அவர் தன் கடையில் விற்கும் மீன்களில் ஒன்றைத் தொடவில்லை. மேசைக் காலில் சணல் கயிற்றால் கட்டியிருந்த பழைய வார்ப்பிரும்பு ஓப்பனரை இழுத்து, ஒரே தூக்கில் மூடியைக் கழற்றினார். ஒரு சாண் நீளம், நல்ல கனம். என்ன விலை என்று கேட்டேன். அது விற்பனைக்கு இல்லையாம்.