லாசரஸ் தீவுக்கு எந்தப் படகு? கேட்டமரானா, மோட்டார் யாட்டா, ஃபெரியா?

எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை "கடலுக்குப் போகலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பிப்பார். பத்து பேர் கட்டைவிரல் போடுவார்கள், அதோடு பேச்சு அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே இருக்கும் லாசரஸ் தீவுக்குப் படகு பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. தேசிய சேவைக் காலத்திலிருந்து பழகியவர்கள், அவர்களுடைய மனைவிமார், சின்னப் பிள்ளைகள், ஒரு நண்பரின் அம்மா என்று கலவையான கூட்டம். பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவர்களுக்குத்தான் ஆசை அதிகம்.

விசாரித்து அலசிக் கடைசியில் எடுத்தது கேட்டமரான், அதாவது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடல் கொண்ட படகு. அடுத்த தடவையும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் ஃபெரியே போதும் என்று சொல்லக்கூடிய கூட்டங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் பம்போட் என்ற சின்ன மோட்டார் படகு. தலைக்கு 4 வெள்ளி, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், சேராவிட்டால் மீதி இடங்களுக்கும் நாமே காசு கொடுத்துக் கிளம்பலாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் அக்கரை. சைக்கிள், செக் ஜாவா சதுப்புநிலம், இளநீர் என்று அருமையான நாள்தான். ஆனால் அது தீவுக்குப் போகும் நாள், படகில் இருக்கும் நாள் இல்லை. நாங்கள் கேட்டது இரண்டாவதை.

ஃபெரிதான் உண்மையான போட்டியாளர். மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படகுத்துறை எதிரிலேயே இருக்கிறது. போக வர பெரியவருக்குச் சுமார் 15 வெள்ளி. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி, இரண்டு தீவுகளையும் இணைக்கும் பாதையில் நடந்தால் லாசரஸ் தீவின் பிறை வடிவக் கடற்கரை வந்துவிடும். மணல் வெள்ளையாக இருக்கும், கொண்டுவந்து கொட்டிய மணல்தான், இருந்தாலும் வெள்ளை வெள்ளைதானே. சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஃபெரியின் பெரிய பலம், தலைக்கணக்கு. யாட், அதாவது தனியாக வாடகைக்கு எடுக்கும் உல்லாசப் படகு என்றால், வாடகை மொத்தமாக ஒரு தொகை. முந்தின இரவு "பிள்ளைக்குக் காய்ச்சல்", "ஆபீஸ்ல வேலை வந்துடுச்சு மச்சான்" என்று இரண்டு பேர் கழன்றுகொண்டால் அவர்கள் பங்கும் மற்றவர் தலையில் விழும், அதை யார் கேட்டு வாங்குவது என்ற சங்கடம் வேறு. ஃபெரியில் வராதவர் டிக்கெட் வாங்குவதில்லை, அவ்வளவுதான். எப்போதும் கடைசி நிமிடத்தில் ஆள் குறையும் கூட்டமா உங்களுடையது? அப்படியானால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், ஃபெரியில் போங்கள்.

செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு சுற்று நடந்து பார்ப்பதும் வீண்போகாது. 1874 முதல் அங்கே நோய்த்தடுப்புக்காகக் கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் இருந்தது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பலர் சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் மிதித்த மண் அதுதான். நம்மில் சிலருடைய தாத்தாமார் அங்கே நாள்கணக்கில் காத்திருந்திருக்கலாம். இப்போது அங்கே பூனைகள் ஆட்சி.

ஃபெரியின் பலவீனம் நிழலும் நேரமும். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடற்கரையில் நிழல் தேடி மரத்தடிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் பாய் விரித்திருக்கும். வயதானவர்களை நடக்கவைப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கடைசிப் படகு எப்போது என்று ஒருவர் பிற்பகல் முழுக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் கூட்டத்தில் அது நான்.

சரி, இனி யாட். இங்கேதான் பெரும்பாலோர் விலையையும் படத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மோட்டார் யாட் படத்தில் எடுப்பாக இருக்கும்: கூரான மூக்கு, கறுப்புக் கண்ணாடி, குளுகுளு அறை. கேட்டமரான் அகலமாக, கொஞ்சம் மொத்தையாகத் தெரியும். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் கேட்ட இடங்களில் நான்கு மணி நேரத்துக்கு வாரநாளில் 800 வெள்ளிக்குப் பக்கத்தில் தொடங்கி, வாரக்கடைசியில் 1,000 வெள்ளியைத் தாண்டிப் போனது. கேப்டனும் எரிபொருளும் அதில் அடங்கும். ஆகவே காசு இங்கே தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புச் சொல்வது நங்கூரம் போட்ட பிறகு படகு எப்படி ஆடுகிறது என்பதுதான்.

படகு ஓடும்போதுதான் வயிற்றைப் புரட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தெற்குத் தீவுப் பக்கம் நான் பார்த்தவரை நேர்மாறு. ஓடும்போது காற்று முகத்தில் அடிக்கும், கண் தூரத்தைப் பார்க்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. நங்கூரம் இறக்கி, பாட்டுப் போட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் முகங்கள் வெளிறத் தொடங்கும். முன்பு ஒருமுறை அலுவலகச் சுற்றுலாவில் மோட்டார் யாட்டில் போனபோது கூட வந்த ஒருவர், "டேய், போட்டை நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் எதுக்குடா ஆடுது?" என்று கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்புறம் அவர் நிமிரவே இல்லை.

நியாயமான கேள்வி. சிங்கப்பூர் நீரிணையில் பெருங்கடல் அலை கிடையாது, சுற்றிலும் நிலம். இங்கே நம்மை ஆட்டுவது பெரும்பாலும் மற்ற படகுகள் கிளப்பும் அலை. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரிகள், இழுவைப் படகுகள், கடலோரக் காவல் படகுகள், ஞாயிற்றுக்கிழமையானால் நம்மைப் போலவே கிளம்பி வந்த மற்ற யாட்டுகள். உலகத்திலேயே கப்பல் நடமாட்டம் அதிகமுள்ள நீர்ப்பாதைகளில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆடாமல் இரு என்றால் படகு என்ன செய்யும்?

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பலமான காற்றுள்ள கடலில் நங்கூரமிட்ட படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். காற்று எழுப்பும் அலையும் பெரும்பாலும் அதே திசையில் வருவதால் மூக்கால் வெட்டிக்கொண்டு நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை சொச்சம் வடக்கே. பல மாதங்களில் காற்று மெல்லியது, நீரோட்டமோ வலுவானது. அதனால் படகு காற்றை விட்டுவிட்டு நீரோட்டத்துக்கு முகம் காட்டித் திரும்பிக்கொள்கிறது. ஃபெரி கிளப்பிய அலை எங்கிருந்தோ வந்து நேராக விலாவில் அடிக்கிறது. ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் திசை மாறும், படகும் மெல்லச் சுழன்று நிற்கும். ஆகவே ஒரு மணி நேரம் முன்பு அமைதியாக இருந்த அதே இடத்தில் இப்போது ஆட்டம் தொடங்கலாம்.

விலாவில் அடிக்கும் அலைக்கு ஒற்றை உடல் கொண்ட மோட்டார் யாட் தூளி போல ஆடும். தூளியில் குழந்தை தூங்கிவிடும், இங்கே பெரியவர்கள் பை தேடுவார்கள். கேட்டமரானுக்கு இரண்டு உடல், நடுவே நல்ல இடைவெளி. 40 அடி மோட்டார் யாட்டின் அகலம் சுமார் 4 மீட்டர் என்றால், அதே நீளமுள்ள கேட்டமரான் ஆறரை மீட்டருக்குக் குறையாது. அலை ஒரு பக்கத்தைத் தூக்கினாலும் மறுபக்கம் அவ்வளவு எளிதில் சாய விடாது. ஆட்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டென்று ஒரு குலுக்கு வரும், உடனே நின்றுவிடும். டம்ளர் மேசையிலேயே நிற்கும். நண்பரின் அம்மா டெக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

இதோடு சேர்ந்து வரும் சௌகரியங்கள்: அகலத்தால் கிடைக்கும் நிழலான பின்டெக், முன்பக்கம் இரண்டு உடல்களுக்கு நடுவே கட்டிய வலை (பிள்ளைகள் அதைவிட்டு எழுந்து வரவே இல்லை), நீரில் இறங்க இரண்டு பக்கமும் படி. அடிப்பாகம் ஆழமாக இறங்காததால் கரைக்கு இன்னும் பக்கத்தில் நிறுத்தலாம். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்புத்தான், 28, 30 பாகை இருக்கும். நடுங்கிக்கொண்டு வெளியே ஓடிவரும் பேச்சே இல்லை.

குறைகளும் உண்டு. கேட்டமரான் மெதுவானது, ஏழெட்டு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) போனால் பெரிது. நல்ல மோட்டார் யாட் 20 நாட்டைச் சுலபமாகத் தாண்டும். எதிரலையில் போகும்போது இரண்டு உடல்களுக்கு நடுவே தண்ணீர் அடித்து 'டம் டம்' என்று சத்தம் கேட்கும், முதல் தடவை கேட்பவர்களுக்குத் திக்கென்று இருக்கும். கேட்டமரானில் பாய்மரம் இருக்கிறதே, பாய் விரித்து அமைதியாக மிதக்கலாம் என்ற கனவோடு போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது பாயில் ஓட்டலாம், மற்றபடி பெரும்பாலும் இஞ்சின்தான். எங்கள் கேப்டன், எல்லோரும் அபாங் (மலாயில் அண்ணன்) என்றே கூப்பிட்டோம், படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாயைக் கொஞ்ச நேரம் ஏற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிட்டார்.

மோட்டார் யாட்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள்: சில புதிய யாட்டுகளில் ஆட்டத்தைக் குறைக்கும் ஜைரோ கருவி இருக்கிறது என்று. உண்மைதான், உள்ளே ஒரு கனமான சக்கரம் வேகமாகச் சுழன்று சாய்வை எதிர்க்கும். நான் அப்படி ஒன்றில் ஏறியதில்லை. வாடகைக்கு எடுப்பதில் இருக்கிறதா, நங்கூரத்தில் நிற்கும்போதும் ஓடவிடுவார்களா என்று கேளுங்கள். அது ஓட மின்சாரம் வேண்டும், பொதுவாக அதற்கு ஜெனரேட்டர் ஓடும், சத்தமும் டீசல் வாடையும் கூடவே வரும். வயிறு கலங்கியிருக்கும் நேரத்தில் டீசல் வாடை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டமரான் என்று முடிவானால் அடுத்துப் பார்க்க வேண்டியது அது எந்த மரினாவிலிருந்து (யாட்டுகள் நிற்கும் துறை) கிளம்புகிறது என்பது. வாடகை நேரம் துறையை விட்டு நகர்ந்ததும் ஓடத் தொடங்கி, துறைக்குத் திரும்பும்போதுதான் நிற்கும். செந்தோசா கோவ் பக்கத்திலிருந்து கிளம்பினால் லாசரஸ் அரை மணி நேரத்துக்குள். மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் ஒரு மரினாவில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், கேட்டமரான் வேகத்துக்குப் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மணி நேரத்தில் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மழைக்கு என்ன விதி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக வெறும் மழைக்குப் பணம் திரும்பாது, இடி மின்னல் என்று கேப்டன் முடிவு செய்தால் வேறு தேதி தருவார்கள். ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம், அந்த மாதங்களில் காலை நேரமே மேல். ஆனால் ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராப் பக்கமிருந்து வரும் புயல்மழை வரிசை விடியலிலிருந்து நண்பகலுக்குள் அடித்துவிட்டுப் போகும், அதுவும் கணக்கில் இருக்கட்டும். தேதி உங்கள் கையில் என்றால் பிப்ரவரி. சராசரியில் வருடத்திலேயே மழை குறைந்த மாதம் அதுதான்.

ஆள் எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஒரு தலை. உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மேல் ஒருவரைக்கூட நல்ல கேப்டன் ஏற்றமாட்டார், கெஞ்சாதீர்கள். கடல்மயக்க மாத்திரை போடுபவர்கள் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. சுற்றினால் கீழறையில் போய்ப் படுக்காமல் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

சாப்பாடு: லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கமிருந்து மீன்தலைக் கறி வாங்கிவர ஒருவர் துடித்தார். யாட்டில் மெத்தையெல்லாம் வெள்ளை, மஞ்சள் கறைக்கு முன்பணத்தில் பிடிப்பார்கள். பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், பொரித்த கோழி என்று குழம்பில்லாமல் முடித்துக்கொண்டோம். அவருக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

மோட்டார் யாட்டை நான் பரிந்துரைக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஐந்தாறு பேர், மாலையில் இரண்டு மணி நேரம், நங்கூரமே போடாமல் ஒரு சுற்று சுற்றித் திரும்புவது. படகு வேகமெடுத்து ஓடும்போது ஒற்றை உடலும் அவ்வளவாகப் பக்கவாட்டில் ஆடாது, குறைந்த நேரத்தில் அதிக தூரமும் போகலாம். அதற்குப் போய் அகலமான, மெதுவான கேட்டமரானை எடுக்க வேண்டாம்.